தனியாக ஊர் கட்ட எந்தப் பெட்டி: சபர்பியாவா, டைனி டவுன்ஸா, ஸ்ப்ராலோபொலிஸா?

ஊர் கட்டும் போர்டு கேம் ஒன்றைத் தனியாக ஆட வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் காதில் மூன்று பெயர்கள் எப்படியும் விழும். டெட் ஆல்ஸ்பாக்கின் சபர்பியா (2012), பீட்டர் மெக்ஃபர்சனின் டைனி டவுன்ஸ் (2019), பட்டன் ஷை வெளியிட்ட ஸ்ப்ராலோபொலிஸ் (2018). மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. தனியாக உட்காரும்போது நான் எடுப்பது பெரும்பாலும் ஸ்ப்ராலோபொலிஸைத்தான். மற்ற இரண்டும் ஆள் கூடும் நாளுக்கு என்றாகிவிட்டது. ஆகவே இதில் நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். சபர்பியா பெரிய பெட்டி. அறுகோண டைல்கள், காசு, ஆளுக்கொரு போர்டு என்று மேஜை நிறைந்துவிடும், எடுத்து வைக்கவும் நேரமாகும். டைனி டவுன்ஸில் மரக் கட்டைகளும் குட்டிக் கட்டடங்களும் பார்க்க அழகு, நடுத்தரப் பெட்டி. ஸ்ப்ராலோபொலிஸ் மொத்தமே 18 கார்டுதான், ஒரு சின்ன பர்ஸுக்குள் அடங்கிவிடும். இடமும் நேரமும் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. எதிரே யாரும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று யார் சொல்வது?

நாலு பேர் ஆடும்போது இந்தக் கேள்வியே எழாது. பக்கத்தில் இருப்பவரைவிட ஒரு புள்ளி கூட எடுத்தால் போதும். தனியாக ஆடும்போது அந்த வேலையை ஏதோ ஒரு அளவுகோல் செய்ய வேண்டும். அது சரியாக அமையாவிட்டால், எவ்வளவு நல்ல ஆட்டமாக இருந்தாலும் கடைசியில் ஒரு எண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

டைனி டவுன்ஸை எடுத்துக்கொள்வோம். நாலுக்கு நாலு கட்டம், 16 சதுரம். மரம், கோதுமை, செங்கல், கண்ணாடி, கல் என்று ஐந்து வகைக் கட்டைகள். கார்டில் உள்ள வடிவத்தில் கட்டைகள் அமைந்தால் அவற்றை எடுத்துவிட்டு, அவை இருந்த சதுரங்களில் ஒன்றில் கட்டடம் வைக்கலாம். கோதுமையும் செங்கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் குடிசை. அந்தக் குடிசைக்குச் சோறு போட பண்ணை போன்ற ஒரு கட்டடம் இருந்தால்தான் அதற்கு 3 புள்ளி. கடைசியில் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு புள்ளி போகும். கூட்டத்தில் ஆடும்போது ஒருவர் “செங்கல்” என்று சொன்னால் எல்லோரும் செங்கல் வைத்தே ஆக வேண்டும். யாருக்கும் வேண்டாத செங்கல்லை எங்கே ஒளிப்பது என்பதில்தான் மொத்தச் சிரிப்பும் இருக்கிறது. தனி ஆட்டத்தில் அந்த இடத்துக்கு ஒரு கார்டுக் கட்டு வருகிறது. விரித்த மூன்று கார்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கட்டின் அடியில் போட்டுவிடுகிறோம். புதிராக நன்றாகவே வேலை செய்கிறது. குறை சொல்ல முடியாது.

முடிவில் ஸ்கோரைக் கூட்டி ரூல்புக்கில் உள்ள பட்டியலைப் பார்த்தால், இத்தனை புள்ளிக்கு இன்ன பட்டம் என்று போட்டிருக்கும். எனக்கு ஒட்டாதது இங்கேதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டட கார்டுகள் மாறுகின்றன. சில சேர்க்கைகளில் புள்ளி கொட்டும், சில சேர்க்கைகளில் கஞ்சத்தனமாக வரும். பட்டியலோ எப்போதும் ஒன்றேதான். நல்ல சேர்க்கையில் சுமாராக ஆடி வாங்கிய பட்டமும், கஷ்டமான சேர்க்கையில் உயிரைக் கொடுத்து வாங்கிய பட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

சபர்பியாவின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆட்டமாகப் பார்த்தால் மூன்றில் சிறந்தது அதுதான். ஒவ்வொரு முறையும் வருமானம் காசைக் கொண்டுவரும், நற்பெயர் மக்களைக் கொண்டுவரும். மக்கள்தொகை ஏறி ஒரு சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வருமானத்திலும் நற்பெயரிலும் ஒவ்வொன்று குறையும். வேகமாக வளரும் ஊர் தன் பாரத்திலேயே தள்ளாடுவதை இவ்வளவு எளிய விதியில் கொண்டுவந்ததற்கே ஆல்ஸ்பாக்கைப் பாராட்டலாம். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பு வைத்தால் பேர் கெடும். எங்கே எதை வைப்பது என்பது உண்மையிலேயே ஊர் கட்டுவது போலத்தான் இருக்கும்.

ஆனால் இந்த ஆட்டத்தின் பாதி உயிர் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. எதிரி உணவகம் திறந்தால் என் உணவகத்துக்கு அடி விழும். எங்கேயாவது விமான நிலையம் வந்தால் என் விமான நிலையத்துக்கும் லாபம். இலக்குகள்கூட “எல்லோரையும்விட அதிகம்”, “எல்லோரையும்விடக் குறைவு” என்றே ஓடுகின்றன. ஒருவர் மட்டும் ஆடினால் யாரைவிட அதிகம்? தனி ஆட்டத்துக்கும் ரூல்புக்கில் வழி வைத்திருக்கிறார்கள், எதிராளிக்குப் பதிலாக ஆட ஒரு பொம்மை ஆட்டக்காரரும் உண்டு. அந்தப் பொம்மைக்கு டைல் எடுத்து, கணக்குப் பார்த்து, பழைய டைல்களின் பலன் மாறியதா என்று தேடி, பிறகு என் முறைக்கு வருவதற்குள் என் திட்டம் மறந்துவிடுகிறது. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: சபர்பியாவைத் தனியாக நான் ஆடியது குறைவு. விடாமல் ஆடுபவர்களுக்கு அந்தக் கணக்கு கைப்பழக்கமாகிவிடலாம். எனக்கு அந்த இடம் வரும்வரை பொறுமை இல்லை.

ஸ்ப்ராலோபொலிஸ் இதே கேள்விக்குச் சொல்லும் பதில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு கார்டின் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஒரு ஸ்கோர் விதியும் 1 முதல் 18 வரை ஓர் எண்ணும். ஆட்டம் தொடங்கும்போது மூன்று கார்டைத் திருப்பிப் போடுகிறோம். அவற்றின் விதிகள்தான் இந்த ஆட்டத்தின் விதிகள். அவற்றின் எண்களைக் கூட்டினால் வருவதுதான் டார்கெட். அதைத் தொட்டால் ஜெயம், ஒரு புள்ளி குறைந்தாலும் தோல்வி. டார்கெட் 6 ஆகவும் இருக்கலாம், 51 ஆகவும் இருக்கலாம். 18 கார்டில் மூன்று என்றால் 816 சேர்க்கைகள் வருகின்றன, சேர்க்கையைப் பொறுத்து டார்கெட்டும் மாறுகிறது. டைனி டவுன்ஸின் பட்டியல் செய்யாததை இந்த மூன்று எண்கள் செய்துவிடுகின்றன.

மீதி 15 கார்டில்தான் ஊர். ஒன்று மேஜையில், மூன்று கையில். ஒவ்வொரு கார்டிலும் குடியிருப்பு, வணிகம், தொழில், பூங்கா என்று நான்கு மனைகள். கார்டைத் தலைகீழாக்கலாம், நெட்டுக்குத்தாக வைக்க முடியாது. ஏற்கெனவே உள்ள கார்டின் மேல் ஏற்றி வைக்கலாம், அடியில் செருக முடியாது. ஒவ்வொரு வகையிலும் பெரிய தொகுதியில் மனைக்கு ஒரு புள்ளி, தனித்தனியாக நிற்கும் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு புள்ளி கழிவு.

கடைசிக் கட்டத்தில் இது எப்படி நெருக்கும் என்று பாருங்கள். டார்கெட்டுக்கு இரண்டு புள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள கார்டை ஓரிடத்தில் ஏற்றி வைத்தால் பூங்காத் தொகுதி ஐந்திலிருந்து ஆறாகும், ஆனால் அடியில் போகும் சாலை வெட்டுப்பட்டு இரண்டாகிவிடும். ஒன்று வந்து ஒன்று போகும். இன்னோர் இடத்தில் வைத்தால் பூங்கா வளராது, ஆனால் மூன்று சாலைகள் ஒன்றாகச் சேர்ந்து கழிவில் இரண்டு குறையும். எதிராளி ஒருவர்கூட இல்லாமல், அரைமணிக்கும் குறைந்த நேரத்தில் இந்த இழுபறி கிடைக்கிறது. ஒரு புள்ளியில் தோற்றபோது அடுத்த நிமிடமே கார்டைக் கலைத்தேன். டைனி டவுன்ஸில் அடுத்த பட்டத்துக்கு ஒரு புள்ளி குறைந்தபோது பெட்டியை மூடினேன்.

குறை இல்லாமல் இல்லை. எண் அந்தந்த கார்டுக்கு உரியது, சேர்க்கைக்கு உரியது அல்ல. சாலை சுற்றி வந்து மூடிக்கொண்டால் புள்ளி என்று ஒரு விதி, ஊரின் ஓரத்தில் முடியாத சாலைக்குப் புள்ளி என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரே வளையத்துக்கு இரட்டை வரவு. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் விதிகள் பெரிய எண்களோடு வந்தால் தொடக்கத்திலேயே மூச்சு வாங்கும். அந்த மாதிரி நேரத்தில் நான் கூச்சப்படாமல் கலைத்துவிட்டு வேறு மூன்றைத் திருப்புவேன். ஊர் வளர்கிறது என்ற உணர்வும் இதில் குறைவு. அந்தச் சுகம் வேண்டுமென்றால் சபர்பியாவைவிட்டால் வேறில்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே இன்னொன்றும் உண்டு. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கணினி விளையாட்டின் போர்டு கேம் வடிவம் 2019-இல் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரே ஊரைக் கட்டுவது என்பதால் தனியாக ஆடினாலும் எதுவும் கெடாது. நண்பர் ஒருவருடையதைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்து ஆடிப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஆனால் வருஷக்கணக்கில் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு ஆடவில்லை.

ஸ்ப்ராலோபொலிஸ் பிடித்துப்போனால் அடுத்து அக்ரோபொலிஸ் (Agropolis) பக்கம் போகலாம். அதே முறைதான், மனைகளுக்குப் பதில் பழத்தோட்டம், திராட்சைத் தோட்டம், சோளக்காடு, கால்நடைப் பட்டி. அதில் சில ஸ்கோர் கார்டுகளில் தீவனக் குறி இருக்கும், அவை ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் டார்கெட் கூடுதலாக ஏறும். சேர்க்கையைக் கணக்கில் எடுப்பதில்லை என்று மேலே சொன்ன குறைக்கு அங்கே ஓரளவு வழி செய்திருக்கிறார்கள்.