வாடகை மாதம் ஒருமுறை, துரு தினமும்

பரமக்குடியில் இருக்கும் என் மைத்துனர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். "மச்சான், பாம்பனில்தான் மறுபடியும் ரயில் ஓடுகிறதே. தீவுக்குள் ஐந்து சென்ட் வாங்கி இரண்டு போர்ஷன் போட்டால் வாடகைக்கு ஆள் வருமா?" ஆள் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்தது ஆட்களைப் பற்றி அல்ல, கம்பியைப் பற்றி. கால் மணி நேரம் பொறுத்திருந்துவிட்டு, "சாப்பாடு ஆறுகிறது" என்று அவர் வைத்துவிட்டார். அவர் கேட்காமல் விட்ட மீதியை இங்கே எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவுக்குள், தங்கச்சிமடத்தில் 2014-இல் நான் கட்டிய வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். சதுர அடி, அறைக் கணக்கெல்லாம் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். கடல் பார்வைக்குத் தெரியாது, காற்றில் தெரியும். மாலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். பதினோரு ஆண்டு அனுபவத்தை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு கீழ்ப் போர்ஷன் சன்ஷேடிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைத் துண்டு விழுந்தது. கீழே நின்றது குடியிருக்கும் செவிலியர் அம்மாவின் ஸ்கூட்டர். இருக்கை கிழிந்ததோடு போயிற்று. அரை மணி நேரம் முன்பு விழுந்திருந்தால் அங்கே அவருடைய பையன் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்திருப்பான். காலையில் கொத்தனார் வந்து சுத்தியால் தட்டினார். நல்ல காரை 'டங்' என்றது. கெட்ட இடம் 'டப் டப்' என்றது. சன்ஷேட் நீளம் முழுவதும் 'டப் டப்'தான். உளியை வைத்தவுடன் பாளம் பாளமாகக் கழன்றது. உள்ளே எட்டு மில்லி கம்பி ஈர்க்குச்சி போல இளைத்து, சுற்றிலும் அடுக்கடுக்காகச் சிவந்த செதிலோடு இருந்தது. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். உள்ளிருந்து அது தள்ளும்போது காரைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதில் கடற்காற்றை மட்டும் திட்டினால் அது நியாயமாகாது. பாதிக் குற்றம் என்னுடையது. 2014 மே மாதம், கடும் வெயில், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்க மனம் வராமல் பின்பக்கக் கிணற்றில் இறைத்துக் கலவை போடச் சொன்னேன். கோடையில் அந்தக் கிணறு உவர்க்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெளியிலிருந்து பல ஆண்டு ஊறி வர வேண்டிய உப்பை முதல் நாளே நானே உள்ளே ஊற்றினேன். அடுத்தது கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கடற்கரைக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. எங்கள் வீட்டில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியைச் செருகினார்கள். சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போட்டவர்கள் மிதித்த மிதியில் அது அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது உடைத்தபோது அளந்தேன். ஓர் இடத்தில் கவர் பன்னிரண்டு மில்லி. அன்றைக்கு நானும் அங்கேதான் குடை பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

உடைத்து, கம்பியைப் பளபளக்கும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, இளைத்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்து பூசி, ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டு, எல்லாம் 38,000 ரூபாய். கீழ்ப் போர்ஷனின் ஆறு மாத வாடகைக்கு ஓராயிரம் குறைவு.

சன்ஷேடாவது பதினோரு ஆண்டு தாங்கியது. தாழ்ப்பாள் விஷயத்தில் எனக்கு வரும் கோபம் வேறு வகை. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் 'எஸ்.எஸ்.', அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று கொடுத்தார்கள். கடைக்காரர் காந்தத்தை எடுத்து வைத்து, "ஒட்டவில்லை பாருங்கள் அண்ணே, அசல் சரக்கு" என்றார். எட்டாவது மாதம் அதில் தேநீர்க் கறை போலப் படர்ந்தது. ஒன்றரை ஆண்டில் திருகாணி தலையோடு முறிந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. காந்தத்தை வைத்து ரகம் பிரிக்க முடியாது. 304-கூட இந்தக் காற்றில் கறை பிடிக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 தான் கடலோரத்துக்கானது. அதன் விலையைக் கேட்டபோது வாடகை வீட்டுக்கு வெள்ளித் தாழ்ப்பாள் போடுவது போல இருந்தது. போட்டேன். மூன்று ஆண்டாகத் துடைத்தால் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் கடைக்காரரை வழியில் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்கிறார்.

என் தாழ்ப்பாளை விடுங்கள், பாம்பன் பாலத்தையே பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு. அரசாங்கத்துக்கே இங்கே சாதாரண இரும்பை நம்பத் துணிவில்லை. நான் நம்பினேன்.

ஆட்கள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வீடு காலியாகிறது என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், அன்று மாலைக்குள் நான்கு பேர் வருகிறார்கள். ராமேஸ்வரத்தில் என் உறவினர் ஒருவர் மாத வாடகைக்காரரை எழுப்பிவிட்டு யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அவர் கல்லாவைப் பார்த்தால் எனக்கும் பொறாமைதான். அப்படி வீடுகள் குறையக் குறைய ஆசிரியரும் வங்கி ஊழியரும் உச்சிப்புளிவரை போய் வீடு தேடுகிறார்கள். நான் மாத வாடகையிலேயே நிற்கிறேன். காரணம் பெருந்தன்மை அல்ல. தினமும் படுக்கை விரிப்பு மாற்ற எனக்கு உடம்பு வணங்காது.

ஆனால் இந்தக் கிராக்கியில் ஒரு கெட்ட பழக்கம் வளர்ந்திருக்கிறது. காலி செய்பவரிடம் துருவுக்கெல்லாம் அட்வான்ஸில் பிடிப்பது. நானும் 2018-இல் ஒரு குடும்பத்திடம் குழாய், கிரில், மின்விசிறிக் கொக்கி என்று எழுதி மூவாயிரம் பிடித்தேன். அவர்கள் வாதாடவில்லை. கைக்குழந்தையோடு பஸ் பிடிக்க வேண்டிய அவசரம். அவர்கள் போன பிறகு ஒரு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் புதிதாகப் போட்ட குழாயும் அதேபோல் பூத்தது. அப்போது யாரிடம் பிடிப்பது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இப்போது ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி எழுதுகிறேன்: "உப்புக்காற்றால் வரும் துரு உரிமையாளர் கணக்கு." பத்திரம் எழுதிக் கொடுப்பவர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பாராட்ட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் 1964 புயலுக்குப் பிறகு அப்பா கட்டிய ஓட்டு அறை. பனங்கைகள், ஓடு, சுண்ணாம்புச் சுவர். மல்லிகை நாற்று வியாபாரி ஒருவர் மாதம் 1,200 ரூபாய்க்குக் கூடையும் சாக்கும் போட்டு வைத்திருக்கிறார். என் நினைவு தெரிந்து அதற்கான செலவு உடைந்த ஓடு மாற்றியது மட்டும்தான். வைரம் பாய்ந்த கிழட்டுப் பனை. கருத்து, விரலால் சுண்டினால் இரும்பு போல ஒலிக்கிறது, ஆனால் இரும்பு அல்ல. கொத்தனார் சன்ஷேட் வேலை முடிந்து மதியம் அந்த அறையில்தான் துண்டை விரித்துப் படுத்தார். மேலே பார்த்துவிட்டு, "இதை இடித்து ஒரு போர்ஷன் போடலாமே சார், வாடகை ஏழாயிரம் வரும்" என்றார். அவரைத் திட்டி அனுப்பினேன்.

மைத்துனருக்கு நான் சொன்ன முடிவு: வேண்டாம். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பரமக்குடியிலேயே இருக்கட்டும். மீறிக் கட்டினால் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு சட்டிக் கலவைகூடப் போடக் கூடாது, கவர் பிளாக்கைத் தன் கையாலேயே எண்ணி வைக்க வேண்டும்.

நேற்று மறுபடியும் அழைத்தார். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம், கொத்தனார் எண் வேண்டுமாம். கொடுத்தேன். ஆனால் அடுத்த மாதம் முழுக்க அவர் கிடைக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட்டேன். என் மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பப் பேசி வைத்திருக்கிறேன்.