விதை இல்லாத திராட்சையும் 6,190 ரூபாயும்: நாசிக் போகிறவர்கள் கவனத்துக்கு

ஷீரடி, திரியம்பகேஸ்வரர், பஞ்சவடி என்று மூன்று நாள் யாத்திரை வந்துவிட்டு, "அப்படியே அந்த ஒயின் தோட்டத்தையும் பார்த்துவிடுவோம்" என்று நாசிக்கில் அரை நாள் ஒதுக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். போன பிப்ரவரியில் நாங்களும் அப்படித்தான் ஒதுக்கினோம். 6,190 ரூபாயும் ஒரு மதியச் சாப்பாடும் போயின. பணம் போனதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நான் கம்பத்துக்காரன். என் அப்பா முப்பது வருடம் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போட்டவர். என்னையே திராட்சையைக் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள்.

நானும் மனைவியும் புணேயில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அக்காவும் மாமாவும் எட்டு வயது மகனோடு வந்திருந்தார்கள். மாமாவுக்கு ஒயின் ருசி பார்க்க ஆசை. அக்காவுக்கு அது காதில் விழாத மாதிரி இருந்துவிட ஆசை. சனிக்கிழமை, லாட்ஜில் சொல்லி ஒரு கார் பிடித்தோம். அங்கேதான் முதல் தவறு.

நாசிக்கில் ஒயின் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது கங்காபூர் அணைப் பக்கம் இருக்கும் சூலா ஒயின் ஆலையைத்தான். ராஜீவ் சாமந்த் 1999இல் தொடங்கியது. 2005இல் வருகிறவர்கள் ருசி பார்க்க ஒரு கூடம் திறந்தார்கள். வார இறுதியானால் மும்பையே அங்கேதான் வந்து நிற்கிறது. அந்தச் சாலையில் கார் வரிசையைப் பார்த்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். "உள்ளே போகவே இரண்டு மணி நேரம் ஆகும் சார். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம் இருக்கிறது. விவசாயி குடும்பமே நடத்துகிறது. ஒயினும் அவர்களே செய்வது, சாப்பாடும் வீட்டுச் சாப்பாடு." இறங்கி நாலடி நடந்து விசாரித்திருக்கலாம். வெயிலில் யாரும் இறங்கவில்லை.

இருபது நிமிடம் தக்காளி வயல்களுக்கு நடுவே போனோம். வாசலில் மரத்தாலான பெரிய பீப்பாய் ஒன்று, பக்கத்தில் ஊஞ்சல், படம் எடுத்துக்கொள்ள ஒரு வண்டிச் சக்கரம். ஒரு பையன் ஓடிவந்து கார் எண்ணை நோட்டில் எழுதி, எதிரே "4+1" என்று குறித்துக்கொண்டான். வண்டி நிறுத்தக் கணக்கு என்று நினைத்தேன். திரும்பும்போதுதான் அந்த நோட்டு இன்னொரு முறை திறந்தது. ஓட்டுநர் அதைப் பார்த்து எண்ணிப் பணம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நபருக்கு 1,200 ரூபாய்: தோட்டம் சுற்றிக் காட்டுவது, ஐந்து வகை ஒயின் ருசி, திராட்சை மிதிப்பது, மதியச் சாப்பாடு. சிறுவனுக்கு 600. குடிக்காத இரண்டு பெண்களுக்கும் அதே 1,200. "பேக்கேஜ் பிரிக்க முடியாது மேடம்."

தோட்டத்துக்கு அழைத்துப் போனவன் நன்றாகப் பேசினான். ஒய் வடிவ இரும்புத் தாங்கிகளில் கொடி ஏறியிருந்தது. கொத்துக் கொத்தாகக் காய், பாதிக் கொத்துகளுக்கு வெயில் படாமல் செய்தித்தாள் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் விரல் நுனி நீளம், பச்சை மஞ்சள், பளபளப்பு. "இதுதான் ஷெனின் பிளாங்க். இதிலிருந்துதான் எங்கள் வெள்ளை ஒயின்" என்றான். ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டேன். மொறுமொறுவென்று கடிபட்டது, இனிப்பு. விதை இல்லை. இன்னொன்று போட்டேன். அதிலும் இல்லை.

அது தாம்சன் சீட்லெஸ். நம் ஊர்ப் பழக்கடையில் "விதையில்லாப் பச்சைத் திராட்சை" என்று தட்டில் அடுக்கி வைக்கிறார்களே, அதே ரகம். காய் நீள வேண்டும் என்பதற்காகக் கொத்தை ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். செய்தித்தாள் சுற்றுவதும் பழம் நிறம் மாறாமல் சந்தைக்குப் போகத்தான். ஒயினுக்கு வளர்க்கும் ரகத்தை யாரும் இப்படிச் சீராட்டுவதில்லை. ஷெனின் பிளாங்க் கொத்து நெருக்கமானது. காய் குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரியதாக, உள்ளே விதையோடு இருக்கும். ஒயின் கொடியைப் பெரும்பாலும் வேலி போல நேர் வரிசையில், கம்பியில் நிமிர்த்திக் கட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, வந்த இடத்தில் ஏன் வம்பு என்கிற நம் பொதுப் புத்திதான். மாமா மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, புளிக்கிறதா?" என்று கேட்டார்.

அடுத்து "ஆலை". கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு எஃகுத் தொட்டிகள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திராட்சை பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஏறக்குறைய ஜனவரி தொடங்கி மார்ச் வரைக்கும். பிப்ரவரி என்றால் ஆலைக்கு நெல் அறுப்புக் காலக் களத்துமேடு மாதிரி. டிராக்டரில் பழக்கூடைகள் வந்துகொண்டே இருக்கும், தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும், நொதிக்கிற சாற்றின் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறும், சின்னப் பழ ஈக்கள் முகத்தில் மொய்க்கும். இங்கே தரையில் தூசி. அந்தத் தூசியில் எங்கள் செருப்புத் தடம் பதிந்தது. வாடையே இல்லை. அக்கா மகன் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் புகுந்து தொட்டியை விரலால் தட்டினான். 'டங்' என்று வெண்கலப் பானை மாதிரி ஒலித்தது. பையனை அதட்டினார்கள்.

ருசி பார்க்கும் மேசையில் பாட்டில் எதுவும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றியே கொண்டுவந்தார்கள். முதல் மூன்றும் வெள்ளை. மூன்றுக்கும் மூன்று பெயர் சொன்னார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மூவரும் ஒரு தாய் பிள்ளைகள்" என்றார். அறைச் சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது. வெள்ளை ஒயினைக் குளிரவைத்துத்தான் தருவார்கள் என்பது மாமாவுக்கே தெரியும். நான்காவது, இளஞ்சிவப்பு, சர்க்கரைப் பாகு. ஐந்தாவது சிவப்பு, ஷிராஸ் என்றார்கள். மூக்கருகே கொண்டுபோனதுமே ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் வாடை. பாட்டிலைத் திறந்து நாள்கணக்கில் வெளியே வைத்தால் ஒயின் இப்படித்தான் ஆகும். பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் கழித்து வந்தது. லேபிளில் தேதி இருக்கும் பகுதியைச் சுரண்டியிருந்தார்கள். பாட்டிலில் தயாரிப்பாளராக அச்சிட்டிருந்த ஊர் அந்தத் தோட்டம் இருக்கும் ஊரே இல்லை. இதற்குமேல் மாமா தனியாக ஒரு கிளாஸ் சிவப்பு கேட்டது தனிக் கதை. "நல்ல பாட்டிலில் இருந்து தருகிறோம்" என்றார்கள். 550 ரூபாய். அதே வினிகர்.

திராட்சை மிதிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையிலிருந்து பலர் மிதித்துக் கறுத்துப்போன சக்கையில் பையன் இரண்டு நிமிடம் குதித்தான்; குளவி சுற்றியதால் இறக்கிவிட்டோம்.

சாப்பாட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மராட்டியக் கிராமத்துச் சாப்பாடு சாதாரணமானதல்ல. பாக்ரி என்கிற சோள ரொட்டி கல்லிலிருந்து எடுத்த சூட்டில், கடலைமாவு பிட்லாவோடும், இடித்த பச்சைமிளகாய்த் தேச்சாவோடும், கையால் நசுக்கிய வெங்காயத்தோடும் கிடைத்தால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. எங்களுக்கு வந்த பாக்ரியை மடித்தால் இரண்டாக உடைந்தது. பிட்லா மேல் ஆடை கட்டியிருந்தது. பனீருக்கும் காய்கறிக்கும் ஒரே சிவப்புக் குழம்பு. அக்கா பாக்ரியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, "இதற்குத் திரியம்பகத்தில் அந்தத் திண்ணைக் கடையிலேயே சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். கையில் பாட்டில் தண்ணீர். ஒன்று 60 ரூபாய், நான்கு பாட்டில்.

பிறகு பில் வந்தது. கையால் எழுதியது. பேக்கேஜ் 5,400, தண்ணீர் 240, கிளாஸ் 550, ஆக 6,190. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம். அந்தக் கூட்டுத்தொகை முழுவதன்மீதும் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 8,035.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, நல்லவேளை வந்தது. சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உணவக சங்கங்கள் அதை எதிர்த்துப் போன வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அடுத்தது, குடிக்கும் மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அது மாநிலத்தின் வாட் வரியில் வருவது. சாதாரண உணவகச் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே, ஜிஎஸ்டி வாங்குகிற கடையின் பில்லில் அதன் பதிவெண் இருக்க வேண்டும்; எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள், மகாராஷ்டிரம் என்றால் 27 என்று தொடங்கும். அந்தத் தாளில் ஒரு எண்ணும் இல்லை. "பதிவெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், 8,035 தருகிறேன்" என்றேன். முதலில் கம்ப்யூட்டர் பழுது என்றார்கள். பிறகு முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். பில்லைப் படம் எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கப் போகிறேன் என்றதும் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் ஒரே நொடியில் மறைந்தன. "6,190 கொடுங்கள் சார், ரொக்கமாக." நான் க்யூஆர் குறியீடு கேட்டேன். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த பெயர் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "விதை இல்லை என்று தெரிந்த பிறகும் எதற்கடா உட்கார்ந்து குடித்தீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுநரை மாற்றினோம். காலையில் சாதனா உணவகத்தில் விறகடுப்பு மிசல். நாசிக் வந்து மிசல் சாப்பிடாமல் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. முளைகட்டிய பயறு, கறுப்பு மசாலா ரசம், மேலே சேவு, வெங்காயம், எலுமிச்சை, கூடவே பாவ். காரம் தாங்காதவர்களுக்குத் தயிர், அதன்பிறகு ஜிலேபி. பையன் ஜிலேபியில் தொடங்கி ஜிலேபியில் முடித்தான். அங்கிருந்து கூட்டம் சேரும் முன்பாக யார்க் ஒயின் ஆலைக்குப் போனோம். கங்காபூர் அணை நீர்ப்பரப்பைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து ருசி பார்க்கலாம். பாட்டிலை மேசைக்குக் கொண்டுவந்து எங்கள் கண்முன் ஊற்றினார்கள். மாமா முதல் மடக்கிலேயே "இது வேறு பிள்ளை" என்றார். குடிக்காத அக்காவிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

போகிறவர்கள் லாட்ஜ் பிடித்துத் தரும் காரில் ஏறும் முன்பே போகவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, வேறு எங்கும் நிறுத்தக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். "கூட்டம், மூடிவிட்டார்கள், டிக்கெட் இல்லை" என்று ஓட்டுநர் சொன்னால் நீங்களே அந்த இடத்துக்குப் போன் செய்து கேளுங்கள். முடிந்தால் வாரநாளில், காலையிலேயே போங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் மது விற்கத் தடை. அன்றைக்கு யாராவது "உள்ளே வாருங்கள், ஏற்பாடு இருக்கிறது" என்றால் திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் போய்க் கொத்து பார்க்க ஆசைப்படாதீர்கள், அப்போது கொடியில் இலைதான் இருக்கும். ஊற்றிக் கொண்டுவரும் கிளாஸைத் தொடாதீர்கள். பாட்டில் மேசைக்கு வரட்டும்.

பில், பாட்டில், க்யூஆர் மூன்றின் படங்களோடும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். 1915இல் தமிழிலேயே பேசலாம். புகார் எண் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயர், ஓட்டுநர் சொன்னது ஒரு பெயர், பணம் போனது இன்னொரு பெயருக்கு. நோட்டீஸ் போனால் அநேகமாக அந்த ரீசார்ஜ் கடைக்காரர்தான் ஷெனின் பிளாங்க் பற்றி விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.