121 பீஸ் பேஸ் டென் செட்: பி1, பி2 பிள்ளைங்களுக்கு வாங்கலாம், ஆனா கம்பி கூடுதலா வேணும்

சிங்கப்பூர்ல பி1, பி2 (தொடக்கப்பள்ளி முதல், ரெண்டாம் வகுப்பு) படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா, ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரத்த கைல எடுத்துப் பாக்குற மாதிரி காட்டுற இந்த பேஸ் டென் செட்ட தாராளமா வாங்குங்க. நான் ஆன்லைன்ல வாங்குனது பிளாஸ்டிக் செட், 100 சின்ன கியூப், 10 கம்பி, 10 சதுரத் தட்டு, ஒரே ஒரு பெரிய கட்டி. சின்ன கியூப் ஒரு சென்டிமீட்டர், பத்து கியூப் வரிசையா வச்சா ஒரு கம்பி நீளம், பத்து கம்பி சேத்தா ஒரு தட்டு, பத்து தட்ட அடுக்குனா ஆயிரம், அந்தப் பெரிய கட்டி அளவுக்கு வந்து நிக்கும். வந்த உடனே ரூலர் வச்சு பாத்தேன், ஏன்னா அளவு கொஞ்சம் தப்பா இருந்தாலும் பத்து கியூபும் ஒரு கம்பியும் சமம்னு பிள்ளை எப்படி நம்பும்? இதுல அளவு கரெக்ட்.

மகன் பி2. 24னு எழுதி அந்த 2 எவ்வளவுனு கேட்டா ரெண்டுன்னுதான் சொல்வான். எழுதுறான், படிக்கிறான், கூட்டக்கூட செய்றான், ஆனா அந்த 2 இருபதுன்னு மனசுல ஏறல. இது நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கு, நாம கவனிக்கிறதில்ல, விடை சரியா வந்துட்டா விட்டுடுறோம். ரெண்டு கம்பியும் நாலு கியூபும் எடுத்து வச்சு, கம்பிக்குப் பக்கத்துல அவனே கியூப அடுக்கிப் பாத்தப்பதான் புடிபட்டுச்சு. முந்நூத்தி அஞ்ச 3005னு எழுதுறதும் அப்படித்தான், காதுல கேட்டத அப்படியே எழுதுறாங்க. மூணு தட்டு, அஞ்சு கியூப், நடுவுல கம்பிக்குனு விட்ட இடம் காலி, அந்த காலிக்குத்தான் 0னு கண்ணால பாத்துட்டா அந்தத் தப்பு குறையுது.

இங்க ஸ்கூல்ல மேத்ஸ் சொல்லிக்கொடுக்குற முறையே முதல்ல கைல பொருள், அப்புறம் படம், கடைசியில எண், இது ஜெரோம் புரூனர்ங்கிற அமெரிக்க உளவியல் அறிஞர் சொன்னதுலேர்ந்து வந்தது. வீட்டுல நாம நேரா அசெஸ்மென்ட் புக்க, அதாவது கடையில விக்கிற பயிற்சிப் புத்தகத்த நீட்டிடுறோம். பி1, பி2க்கு 2019லேர்ந்து எக்ஸாமே இல்ல, அந்த நேரத்த இதுக்குக் குடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

இப்ப குறை. பத்தே பத்து கம்பிதான் இருக்கு. 352லேர்ந்து 178 கழிக்கணும்னு வைங்க. ஒரு கம்பிய பத்து கியூபா மாத்துனா மிச்சம் நாலு கம்பி, அப்புறம் ஒரு தட்ட பத்து கம்பியா மாத்தணும், ஆக 14 கம்பி வேணும், பெட்டில இருக்குறது 10. நாம படிச்சப்ப "பக்கத்துல கடன் வாங்கு"ன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஏன் வாங்குறோம்னு யாரும் சொல்லல. அத கண்ணுக்குக் காட்டத்தான் இந்த செட்டே, சரியா அந்த இடத்துல கம்பி தீந்துபோனா பிள்ளைக்கு கவனமும் போயிடும். 87ம் 65ம் கூட்டுனாலும் இதே கதைதான். விக்கிறவங்க 20 கம்பி போட்டிருக்கணும். கம்பி மட்டும் தனியா விக்கிற பாக்கெட் இருந்தா சேத்து வாங்கிடுங்க.

பிளேஸ் வேல்யூ டிஸ்க் வாங்கலாமான்னு சிலர் கேக்குறாங்க, அந்த 1, 10, 100னு போட்ட வட்டமான வில்லைங்க. நல்ல பொருள்தான், எடமும் அடைக்காது, ஆனா பத்து போட்ட வில்லையும் ஒண்ணு போட்ட வில்லையும் ஒரே சைஸ். பத்து வெள்ளி நோட்டு மாதிரி அது, உள்ள பத்து இருக்குனு ஏற்கனவே தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் புரியும். அதனால முதல்ல கம்பி, பிறகு டிஸ்க். பி3ல பத்தாயிரம் வரைக்கும் போகும்போது பெரிய கட்டி எத்தனை வாங்குறது, அங்க டிஸ்க்தான் வசதி, பி4ல டெசிமல் வரும்போதும் 0.1, 0.01 போட்ட டிஸ்க் உதவும்.

இன்னொண்ணு, வீட்டுல கைக்குழந்தை இருந்தா சின்ன கியூப வாயில போட்டுக்கும், மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல மாத்தி வைங்க, கூட வர்ற பிளாஸ்டிக் பை சீக்கிரம் கிழிஞ்சிடுது.