'ராயல்டி ஃப்ரீ' இலவசம் இல்லை: ஆறு வருட அனுபவம்

மதுரை தெப்பக்குளம் பக்கம் சின்னதாக ஒரு எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ, கடை விளம்பரம், சித்திரைத் திருவிழா சமயத்தில் சொந்தச் சேனலுக்குச் சில பதிவுகள். பின்னணி இசைக்கு ஆறு வருடமாக மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

அதிகம் கைகொடுத்தது யூடியூப் ஆடியோ லைப்ரரி. காசு கிடையாது. சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) குறி போட்ட இசைக்கு மட்டும் டிஸ்கிரிப்ஷனில் இசையமைத்தவர் பெயரைக் கொடுத்தாக வேண்டும். குறை ஒன்றுதான்: அழகர் ஆற்றில் இறங்கும் காட்சிக்கு அந்த கிதார் சத்தம் ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது கிரியேட்டிவ் காமன்ஸ்: சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே தரும் லைசென்ஸ். நான் அடிபட்டது இதில்தான். ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்கு 'இலவசம்' என்று எழுதியிருந்த இசையைப் போட்டேன். நான்கே நாளில் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, வீடியோவ எடுக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு, என்னன்னு பாருங்க." பார்த்தால் அது என்.சி வகை, வியாபாரத்துக்கு ஆகாது. தப்பு என்னுடையது. ராத்திரியோடு ராத்திரியாக வேறு இசை போட்டுக் கொடுத்தேன். என்.டி (மாற்றக்கூடாது) குறி இருந்தால் சொந்த வீடியோவுக்கும் தொடக்கூடாது. இசையைக் காட்சியோடு சேர்ப்பதையே அந்த லைசென்ஸ் மாற்றம் செய்ததாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 'பை' (BY) என்று மட்டும் இருந்தால் பெயர் போட்டால் போதும். அமெரிக்க இசையமைப்பாளர் கெவின் மெக்லியோட் தன் இசையை அப்படித்தான் தருகிறார். பெயர் போட விருப்பமில்லை என்றால் காசு கட்டித் தனி லைசென்ஸ் வாங்கலாம்.

மூன்றாவது, இசைத் தளங்களின் ராயல்டி ஃப்ரீ சந்தா. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் காசு கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று சந்தாவை நிறுத்தினேன். நான் எடுத்திருந்த திட்டத்தில் ஏற்கெனவே வெளியிட்டவை தப்பின. ஆனால் ஆவணியில் ஒரு கல்யாண வீடியோவைச் சுருக்கிப் புதிதாக ஏற்ற, மறுபடி பணம் கட்ட வேண்டியதாயிற்று. பணம் கட்டிய இசைக்கும் ஒருமுறை யூடியூபில் காப்பிரைட் க்ளைம் வந்தது, அதாவது இசை தங்களுடையது என்ற கோரிக்கை. மறுத்து அனுப்பினால் எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம். இறக்கிய அன்றே லைசென்ஸ் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்ததால் பதில் எழுத முடிந்தது.

மண்டபத்தில் சினிமாப் பாட்டு போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கல்யாணத்தில் இசைப்பதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது, சரி. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம்.

இப்போது எனக்குப் பிடித்த வழி வேறு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்; ஆனால் அதை இன்று ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. அதனால் எங்கள் பக்கத்து நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் அழைத்து நானே பதிவு செய்தேன். எந்தெந்த வீடியோவுக்குப் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்கும் ஆகுமா என்று தாளில் எழுதி, பணம் கொடுத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். செலவு மூன்று மாதச் சந்தா அளவு. போன சித்திரைக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது ஒலித்தது அந்தப் பதிவுதான்.