ஆர்னோ ஆற்று விழாக் காட்சி: மை ஓவியமா, எட்சிங் அச்சா?

1608-இல் இத்தாலியின் புளோரன்ஸில், அந்நகரை ஆண்ட குடும்பத்து இளவரசர் கோசிமோ மெடிச்சிக்குத் திருமணம். ஜேசனும் வீரர்களும் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன கிரேக்கக் கதையை ஆர்னோ ஆற்றில் அலங்காரப் படகுகளில் நடத்தினார்கள். ஜூலியோ பரிஜி முதலானோர் வடிவமைத்த அந்தப் படகுகளைக் கன்டகல்லினா என்ற கலைஞர் எட்சிங்காக, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அச்சிட்டார். இந்த மாதிரிப் பரோக் (17-ஆம் நூற்றாண்டின் ஆடம்பரக் கலைப் பாணி) காட்சி ஒன்றை வாங்க நினைப்பவர் எதை எடுப்பது?

விலை
மை ஓவியம்: ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வரைந்தவர் பெயர் உறுதியானால் விலை எங்கோ போய்விடும்.
எட்சிங்: ஒரே செப்புத் தகட்டில் பல பிரதிகள், ஆகவே மலிவு. தகடு தேய்ந்தபின் எடுத்ததென்றால் கோடுகள் மங்கலாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஆயுள்
மை ஓவியம்: மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை என்றால் கறுப்பு பழுப்பாகும், சில இடங்களில் காகிதத்தையே அரிக்கும். வெளிச்சமும் ஆகாது.
எட்சிங்: கரியும் எண்ணெயும் கலந்த மை அவ்வளவாக மங்காது.

பார்வை
என் மனம் சாய்வது இங்கேதான். மை ஓவியத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்த மையே ஆறாகிவிடுகிறது. ஒரு கடற்கன்னியின் கையை முதலில் உயர்த்தி, அப்புறம் தாழ்த்திய தடம்கூடத் தெரியும். எட்சிங்கில் அலையும் கோடுதான், கரையில் நிற்கும் கூட்டமும் கோடுதான். தகட்டில் திருப்பி வரையாவிட்டால் இடம் வலமாக மாறிவிடும். ஆனால் படகின் சிற்ப வேலை துல்லியமாகக் கிடைக்கும்.

விழா எப்படி நடந்தது என்று ஆராய்பவருக்கும் சுவரில் மாட்ட விரும்புபவருக்கும் எட்சிங் சரி. ஓவியரின் கை எப்படி யோசித்தது என்று பார்க்க ஆசையும், பணமும், இருட்டான அலமாரியும் இருந்தால் மை ஓவியம்.