ஓட்ரீ: ஆய்வேட்டுக்குச் சரியான கருவி, ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தைக் கவனியுங்கள்

நடத்தைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக அல்டிமேட்டம் விளையாட்டோ (ஒருவர் தொகையைப் பங்கிட்டுத் தர, மற்றவர் ஏற்பார் அல்லது மறுப்பார்) பொதுப்பண்ட விளையாட்டோ (ஒவ்வொருவரும் பொது நிதிக்கு எவ்வளவு தருவது என்று முடிவெடுப்பார்) நடத்தப் போகும் மாணவர்கள், உலாவியிலேயே இத்தகைய சோதனைகளை நடத்த உதவும் மென்பொருளான ஓட்ரீயைத் தயங்காமல் எடுக்கலாம். பைத்தானில் இயங்குகிறது, காசு கிடையாது. சென், ஷோங்கர், விக்கன்ஸ் மூவரின் 2016 கட்டுரையை ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதே வேலைக்கான, சூரிச்சில் பிறந்த இசட்-ட்ரீ மென்பொருளை விண்டோஸ் கணினி ஒவ்வொன்றிலும் நிறுவியாக வேண்டும். ஓட்ரீயில் பங்கேற்பவருக்கு ஓர் இணைப்பு அனுப்பினால் போதும், கைபேசியிலேயே ஆடிவிடுவார்.

பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவி, புதிய திட்டம் தொடங்கும் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளை கொடுக்கும்போது மாதிரி விளையாட்டுகள் வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்றே சொல்லுங்கள். பொதுப்பண்ட மாதிரியைத் திருத்திப் பழகுவதுதான் வேகமான வழி.

இனி, தரவைக் கெடுக்கும் இடம். பக்கத்துக்கு நேரவரம்பு வைத்து, பங்கேற்பவர் எதையும் நிரப்பாமல் நேரம் முடிந்தால், எண் கேட்கும் இடத்தில் ஓட்ரீ தானாக 0 என்று பதிந்துவிடும். அல்டிமேட்டத்தில் 0 என்பது உண்மையான முடிவு. எழுந்து போனவரும் ஒன்றுமே தர மறுத்தவரும் கோப்பில் ஒரே மாதிரி தெரிவார்கள், சராசரி கீழே இறங்கும். அடுத்த பக்கத்துக்கு நகரும் முன் ஓடும் செயற்கூறில் 'டைம்அவுட் ஹேப்பன்ட்' (நேரம் முடிந்ததா என்று காட்டும்) மதிப்பைத் தனிப் புலத்தில் சேமித்துவிடுங்கள். இந்த வசதி தானாக வராதது பெரிய குறை என்றே சொல்வேன்.

குழு பிரிப்பிலும் இதே கவனம் தேவை. அமர்வு உருவாகும்போது இயங்கும் 'கிரியேட்டிங் செஷன்' செயற்கூறு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடும். அங்கே சுற்றைப் பார்க்காமல் சீட்டுக் குலுக்கினால், முதல் சுற்றில் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தவர் இரண்டாம் சுற்றில் சோதனைக் குழுவுக்குத் தாவிவிடுவார். முதல் சுற்றில் மட்டும் குலுக்கி, பங்கேற்பாளர் புலத்தில் வையுங்கள். அந்தப் புலத்தின் பெயரை செட்டிங்ஸ் கோப்பில் முன்பே அறிவித்திருக்க வேண்டும்.

இணையவழியில் ஒருவர் பாதியில் விலகினால் காத்திருப்புப் பக்கத்தில் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். வந்த வரிசையில் குழு சேர்க்கும் வசதியை இயக்கினால் வராதவருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்தக் காத்திருப்புப் பக்கம் செயலியின் முதல் பக்கமாக இருந்தால்தான் வேலை செய்யும். சேர்ந்தபின் விலகுபவருக்கு ஒரே மருந்து, முடிவெடுக்கும் எல்லாப் பக்கத்திலும் நேரவரம்பு. அப்போது மேலே சொன்ன பூஜ்ஜியம் மீண்டும் வரும் என்பதால், நேரம் முடிந்ததைச் சேமிக்கும் புலத்தை விட்டுவிடவே கூடாது.

உங்கள் கணினியிலேயே ஓட்டும் டெவ்சர்வர் கட்டளை, நிரலை எழுதிப் பார்க்க மட்டும். உண்மையான அமர்வுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வையுங்கள். தரவை இறக்கும்போது செயலிவாரிக் கோப்பை எடுங்கள். ஒருவரின் ஒரு சுற்று ஒரு வரியாக வரும், ரிக்ரெஷனுக்கு அப்படியே ஊட்டலாம்.