பட்டம் எட்டாத மூவரில் நான் ஜெரி குவாரியைத் தேர்ந்தது ஏன்

நல்லூரில் எங்கள் சனசமூக நிலையத்தின் பின்மண்டபத்துக்கு ஞாயிறுதோறும் குத்துச்சண்டை பழகவரும் பையன்களுக்கு, பழைய போட்டிப் பதிவுகளில் எதை முதலில் போட்டுக் காட்டுவது என்ற கேள்வி இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எழுந்தது. எழுபதுகளின் உலகப் பட்டவீரர்களான அலி, ஃபிறேசியர், ஃபோர்மன் ஆகியோரை விட்டுவிட்டேன். அவர்களிடம் இருந்தது பதினைந்து வயதுப் பையன் பார்த்துப் பழகக்கூடிய திறமை அன்று. அவர்களுக்கு அடுத்த வரிசையில் நின்று, அதிபாரப் பிரிவின் உலகப் பட்டத்தைக் கடைசிவரை தொடாமலே போன ஜெரி குவாரி, றொன் லைல், ஏர்னி ஷேவர்ஸ் ஆகிய மூவரில் ஒருவரைத் தேர வேண்டியிருந்தது. பையன்கள் ஒருமித்து ஷேவர்ஸைக் கேட்டார்கள். நான் குவாரியைப் போட்டேன்.

ஷேவர்ஸின் பெருமை எல்லோரும் அறிந்தது: எதிராளியை எழும்பவிடாமல் வீழ்த்திய 68 நொக்அவுட் வெற்றிகள். அவரிடமும் பிற்காலத்தில் மைக் டைசனிடமும் அடிவாங்கிய முன்னாள் உலகப் பட்டவீரர் லரி ஹோம்ஸ், ஷேவர்ஸின் குத்தே கனமானது என்று சொல்லியிருக்கிறார். ஒரு குத்தின் கனத்தைப் பதிவைப் பார்த்து நிறுக்க முடியாது என்பதால், வாங்கியவரின் சொல்லை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1979 செப்ரெம்பரில் ஏழாம் சுற்றில் அந்தக் குத்தால் விழுந்த ஹோம்ஸ் எழுந்து நின்று, பதினோராம் சுற்றில் போட்டியை முடித்தார். ஷேவர்ஸின் அந்தக் கை பிறவியில் வந்தது. அதைப் பழக்கிக் கொடுக்க இயலாது.

லைலை ஒதுக்குவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகக் கொலராடோ சிறையில் இளமையைக் கழித்து, அங்கேயே குத்துச்சண்டை பழகி, 30 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். 1975 மே மாதம் அலியுடன் மோதியபோது, பதினோராம் சுற்றில் நிறுத்தப்படும்வரை புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். 1976 ஜனவரியில் ஃபோர்மனுடன் நடந்த நான்காம் சுற்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது: முதலில் ஃபோர்மன் விழுகிறார், பிறகு லைல், சுற்று முடிய முன்னர் மறுபடியும் ஃபோர்மன். அடுத்த சுற்றில் லைல் எழும்பவில்லை. தோற்ற போட்டிகளை மட்டும் வைத்து அளந்தால், மூவரிலும் சிகரத்துக்கு மிக அருகில் போனவர் லைல்தான்.

எனினும், ஒரு வீரரின் வாழ்நாளை மதிப்பிடுவதற்கு, அவர் யாரை வென்றார், வென்ற நாளில் அந்த எதிராளி எந்த நிலையில் இருந்தார் என்பதே தீர்மானமான அளவுகோல் என்று கருதுகிறேன். வயதுபோன பெயர்களை வென்று பட்டியலை நீட்டுவது இந்தத் தொழிலில் வழமை. குவாரியின் பட்டியலில் கனமானவை அப்படிப்பட்டவை அல்ல. 1970 யூனில் அவர் ஆறாம் சுற்றில் வீழ்த்திய மக் ஃபொஸ்ரர், அதுவரை 24 போட்டிகளில் 24 நொக்அவுட் கண்டவர். 1973 பெப்ரவரி 9 அன்று நியூயோர்க்கில் அவர் பன்னிரண்டு சுற்றுகள் நின்று புள்ளிகளில் வென்றது, தோல்வியே காணாத லைலை. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று, அதே அரங்கில், முதற்சுற்றிலேயே முடித்தது ஷேவர்ஸை. ஒரே ஆண்டுக்குள் மற்ற இருவரையும் வென்றவர் அவர் என்பது எனக்குப் பெரும்பாலும் வழக்கை முடித்துவிடுகிறது. லைல் அப்போது தொழில்முறைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்பதையும், 1975இல் டென்வரில் ஷேவர்ஸிடம் விழுந்தெழுந்து ஆறாம் சுற்றில் வென்றவர் அவரே என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லவேண்டும். அனுபவம் முற்றிய லைலைக் குவாரி வென்றிருப்பார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த லைல் போட்டியைக் காட்டிய அன்று, உயரமான பையன் ஒருவன் கேட்டான்: "சேர், இவர் ஏன் பின்னுக்குப் போறார்?" நான் பதிவை நிறுத்தி, "பின்னுக்குப் போகேல்லைத் தம்பி, கூப்பிடுறார்," என்றேன். தன்னிலும் உயரமும் பாரமும் கூடியவரை முன்னேற விட்டு, அவர் கை நீண்ட கணத்தில் இடது ஹூக்கை, அதாவது முழங்கை மடித்துப் பக்கவாட்டில் வீசும் குத்தை, திருப்பிக் கொடுப்பதே குவாரியின் வித்தை. சிறிய உடம்புள்ள எங்கள் பிள்ளைகளுக்கு அது உதவும்.

குறைகள் சிறியவை அல்ல. எல்லிஸ், ஃபிறேசியர், அலி, நோர்ட்டன் என்று பெரியவர்கள் எல்லோரிடமும் தோற்றார். தோல் இலகுவில் கிழியும். 1970இல் அற்லாண்டாவில் அலியுடனான போட்டி மூன்று சுற்றோடு நின்றது கண்ணுக்கு மேல் ஏற்பட்ட வெட்டினால்தான். 47 வயதில், 1992இல், மறுபடியும் வளையத்துக்குள் ஏறினார். தலையில் வாங்கிய அடிகளால் நினைவு சிதைந்து, 1999இல் 53 வயதில் இறந்தார். இதை மறைத்து அவரைக் காட்டுவது சரியன்று. ஆகவே 1969இல் ஃபிறேசியருடன் நடந்த முதற்சுற்றையும் போடுகிறேன். தன் வித்தையை மறந்து, தலையை அசைக்காமல், நெஞ்சோடு நெஞ்சாக நின்று குவாரி மோதிய சுற்று அது. அவர் வாங்கும் அடிகளை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். சுற்று பாதி போக முன்னரே பையன்களுக்கு இரண்டு கை விரல்களும் போதாமற் போய்விட்டன.